வழியில் கடலூர்

காலை ஆறே முக்கால், புஸ்ஸி வீதி முனை.
பன்னிரண்டு தலை எண்ணி ஏற்றினேன்:
பெரம்பூர்க் குடும்பம் ஐந்து,
சூரத்திலிருந்து தம்பதி,
தொப்பியில் விலைச்சீட்டைக் கழற்றாத நான்கு பையன்கள்,
தனியே ஒரு பெண்.
"வணக்கம். நான் கஸ்பார். மாலை ஆறு மணி வரை
உங்கள் கண்ணும் காதும் நான்தான்."
ஆறு வருடமாகச் சொல்கிறேன்,
ஒருவரும் சிரித்ததில்லை.

அரியாங்குப்பத்துப் பாலத்தில் படகுகளைக் காட்டினேன்.
முள்ளோடைச் சாவடியில்
பையன்களின் பைக்குள் கண்ணாடி கண்ணாடியோடு பேசியது.
நான் மேகம் பார்த்தேன்.

பெண்ணையாறு தாண்டினால்
பயணத்தாளில் இப்படி இருக்கும்:
பிச்சாவரம், படகுச் சவாரி ஒரு மணி நேரம்.
அதற்கு மேலே, சின்ன எழுத்தில்,
(வழியில் கடலூர்).

அடைப்புக்குறிக்குள் இருக்கிறது என் ஊர்.
மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு ஒரு வரி,
கெடிலத்துக்கு ஒரு வரி.
முதுநகர் வந்ததும் மைக்கை அணைத்துத் தண்ணீர் குடிப்பேன்.
ஏழே முக்காலுக்கு இடப்பக்கம் ஒரு சந்து
அரை நொடி வாயைத் திறந்து மூடும்.
சில நாள் கொடியில் என் லுங்கி தெரியும்.

இன்று அந்தப் பெண் முன்னால் வந்து குனிந்து,
"அண்ணா, ஒரு டாய்லெட்..."
பங்கில் பூட்டு.
சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.
ஓட்டல் ஷட்டர் பாதி ஏறி நின்றது, உள்ளே ஆளில்லை.
இனி சிப்காட்தான்,
ஜன்னலை ஏற்றுங்கள் என்று நான் சொல்லும் இடம்.
அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.
டிரைவர் ஜக்கரியா என்னைப் பார்த்தார்.
நான் சந்தைப் பார்த்தேன்.

வேன் நுழையாது, நடந்தோம்.
பின்னால் செருப்புச் சத்தம்.
திரும்பினால் மொத்தப் பேரும்.
இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று
இறங்கிவிட்டார்கள்.

பிரிஸ்கில்லா மடவை ஆய்ந்துகொண்டிருந்தாள்,
நைட்டி மேல் துண்டு, முழங்கை வரை செதில்.
அந்த நேரத்தில் என்னை அவள் பார்த்ததே இல்லை.
"வேலை போச்சா?" என்றாள்.
பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
முழங்கையால் பின்கட்டுக் கதவைத் தள்ளி,
"தாப்பா விழாதும்மா. நான் வெளியே நிக்கிறேன், போ."

சூரத்துக்காரர் மீனைப் படமெடுத்தார்.
பையன்கள் குழாயடியில் முகம் கழுவினார்கள்.
பெரம்பூர்ச் சிறுவன் சுவரைத் தொட்டு,
"இது என்ன கோடு?"
வெள்ளம் நின்ற உயரம்.
பாடம் பண்ணிய உரையில் அது இல்லை,
அதனால் வாய் கொஞ்சம் குழறியது.
அவன் சுவரோடு ஒட்டி நின்று அளந்தான்.
கோடு அவன் புருவத்தில் இருந்தது.

பிச்சாவரத்தில் எல்லாம் வழக்கப்படி.
நாலாயிரத்துச் சொச்சம் கால்வாய் என்றேன்,
எண்ணியது யார் என்று யாரும் கேட்கவில்லை.
சுரபுன்னை வேர்களுக்கிடையே துடுப்பு நின்றபோது
அந்தச் சிறுவன் மட்டும் கை நீட்டினான்:
"அங்கேயும் கோடு!"
எல்லா வேரிலும் ஒரே மட்டத்தில், ஈரம்.
எத்தனை நூறு முறை வந்திருப்பேன்.

மாலையில் கருத்துத்தாள்.
மிகவும் பிடித்த இடம்: ஒன்பது பேர்
'கைடு வீடு' என்று எழுதியிருந்தார்கள்,
ஒருவர் 'மீன் அக்கா'.
முதலாளி இரண்டு முறை படித்தார்.
"தலைக்கு ஐம்பது தரேன் கஸ்பார்,
தினமும் பத்து நிமிஷம். வீட்டுல கேளு."

கடைசி பஸ்ஸில் போய்ச் சேர்ந்து கேட்டேன்.
குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தவள்
தலைக்கு ஐம்பதைக் காதில் வாங்கவே இல்லை.
"அந்தப் பொண்ணுக்கு அப்புறம் பரவாயில்லையா?
பேர் என்ன?"

பட்டியல் சட்டைப்பையில்தான் இருந்தது.
எனக்கு நினைவிருந்தது
இருக்கை எண் எட்டு.