எடைப்பலகையில் ஏறாத நாய்

அபர்டீனில் ஜனவரி மாதம்
எட்டே முக்காலுக்குத்தான் விடியும்.
அப்படியிருக்க எது காலை, எது காலை உணவு
என்று முதல் நாளே மடக்கினாள் ஐல்சா.
ஊரின் முதல் பஸ்ஸை ஓட்டுகிறவள்,
மூன்றரைக்கு எழுகிறவள்.
'கண்விழித்த இரண்டு மணி நேரத்துக்குள்'
என்றிருந்தது படிவத்தில்.
படித்துக் காட்டினேன். சிரித்தாள்.

நான் எடை பார்க்கிறவள், அவ்வளவுதான்.
ஷூவைக் கழற்றுங்கள்,
பையில் சில்லறை இருந்தால் மேசையில் வையுங்கள்,
மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்,
அதனால் ஒரு கிராம்கூடக் குறையாது.

நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு உறைகள்.
குடவோலை போல ஆளுக்கொன்று எடுத்தார்கள்.
பாதியில்: சாப்பிடு.
பாதியில்: பதினொன்று வரை சாப்பிடாதே.
காலையில் வாய் திறந்தால் இடுப்பு சுருங்குமா,
மூடினால் சுருங்குமா,
பன்னிரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்
என்றார் மேலிருந்தவர்.

ஐல்சாவுக்குச் சாப்பிடு.
டிப்போ வெளிச்சத்தில், ஸ்டியரிங்மேல் காகிதம் விரித்து
ரோவி தின்றாள்:
வெண்ணெயும் பன்றிக் கொழுப்பும்
மடிப்பு மடிப்பாய் ஏறிய
இந்த ஊர் உப்பு ரொட்டி.
என்ன சாப்பிடுவது என்று
சீட்டில் இல்லையே, சிஸ்டர்?
இல்லைதான்.
பத்து மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் கை
இப்போதெல்லாம் பிரிப்பதில்லையாம்.
ஐந்தாம் வாரம் நானூறு கிராம் ஏறினாள்.
எட்டாம் வாரம் எழுநூறு இறங்கினாள்.
ஒன்பதாம் வாரம் மகனுக்கு அம்மை;
அந்தக் கட்டம் காலி.

டூகலுக்குச் சாப்பிடாதே.
கப்பல் பட்டறையில் வெல்டராய் இருந்தவர்,
மனைவி போய் இரண்டு வருஷம்.
அறுபது வருஷமாய் ஆறு மணிக்குக் கஞ்சி,
ஓட்ஸ், தண்ணீர், உப்பு.
சர்க்கரை என்றால் முகம் சுளிப்பார்.
முதல் மாதம் மளமளவென்று இறங்கினார்.
பிறகு நின்றது.
பதினொன்று அடித்ததும் பழிவாங்குகிற மாதிரி
தின்கிறேன் என்றார்,
தரையைப் பார்த்தபடி.

ஆனால் கஞ்சியை நிறுத்தவில்லை.
வயிறு அடங்கிவிட்டது சிஸ்டர்,
கைதான் கேட்கமாட்டேன் என்கிறது.
ஆறுக்கு எழுந்து, அடுப்பு மூட்டி,
கிளறி, கிண்ணத்தில் ஊற்றி, ஆறவைத்து
எதிரே உட்கார்ந்திருப்பாராம்.
கொட்ட மனம் வரவில்லை.
அடுத்த வீட்டு நாய்க்கு வைத்தார்.

பன்னிரண்டாம் வாரம் அதையும் இழுத்து வந்தார்.
டாட்டி என்று பெயர். உருளைக்கிழங்கு என்று அர்த்தம்.
பலகையைக் கண்டதும் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.
நாயைத் தூக்கிக்கொண்டு நீங்களே ஏறுங்கள் என்றேன்.
விதிப்படி தவறு. கதவைச் சாத்தியிருந்தேன்.
நாயோடு: தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு.
நாயில்லாமல்: எண்பத்தொன்று புள்ளி இரண்டு.
கழித்துப் பார்த்துவிட்டு
மருத்துவர் கொடுத்த பழைய அட்டையைக் காட்டினார்.
நாலு கிலோவுக்கு மேல் கூடியிருந்தது.

மற்றபடி முடிவு இதுதான்:
சாப்பிட்டவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள்,
சாப்பிடாதவர்களும் கொஞ்சம் குறைந்தார்கள்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்
அரை டம்ளர் தண்ணீர்.
மேலிருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மறுபடி கூட்டச் சொன்னார்.
கூட்டினேன். அதே அரை டம்ளர்.

அப்ப நான் சாப்பிடட்டுமா வேண்டாமா
என்று என் தங்கை போனில் கேட்டாள்.
பசிக்கிறதா என்றேன்.
அதைக் கேட்கவில்லையே என்றாள்.

மே மாதம் துறைமுகச் சாலையில் டூகலைப் பார்த்தேன்.
கால்சட்டை தொளதொளத்தது.
காலையில் சாப்பிடுகிறேன் சிஸ்டர், பாதிக் கிண்ணம்,
மீதி இவனுக்கு. மூன்று கிலோ போயிருக்கிறது,
கணக்கில் எழுதிக்கொள்வாயா?
கணக்கு மூடிவிட்டார்கள் என்றேன்.
நல்லது என்று கயிற்றை இழுத்தார்.
டாட்டி நகரவில்லை.
நடுரோட்டில் வயிற்றைப் பரப்பி உட்கார்ந்திருந்தது.
எதிரே பஸ் ஒன்று
ஹாரன் அடிக்காமல் காத்து நின்றது.