ஒன்பது கிலோ நானூறு

ரப்பர் ஷீட் நிறுக்கும் தட்டில்
என் பையைத் தூக்கி வைத்தேன்.
ஆசிட் வாடைக்கும் புகைவாடைக்கும் நடுவே
முள் ஆடி ஆடி நின்றது:
ஒன்பது கிலோ நானூறு.

"இது கீரிப்பாறைக்கா, குவைத்துக்கா?"
என்றார் கோயில்பிள்ளை அண்ணன்.
ஒட்டுப்பால் விலை கேட்க வந்த இரண்டு பேர்
என் தோளைப் பார்த்தார்கள்
பிறகு பையை.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு பகல்.
தடிக்காரன்கோணத்தில் முதல் பஸ் ஏறி
கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும் பகல்.
வனத்துறைத் தாளில் நான்கு பெயர்:
சுனிஜா, ரெஜினால்டு, பீர்முகம்மது, நான்.
போகும் காரணம் என்ற கட்டத்தில்
ரெஜினால்டு 'பார்க்க' என்று மட்டும் எழுதியிருந்தான்.
அதற்கும் பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.
ஒரு பாழ் பங்களா, இரண்டு அருவி,
நாலு மணிக்குள் சங்கிலிக்கு வெளியே.

வீட்டில் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன்.
அட்டைக்கு உப்பும் புகையிலைத் தூளும்
ஒற்றைச் சாக்ஸில் முடிந்து வைத்தது.
கயிறு. டார்ச்.
டார்ச் அணைந்தால் இன்னொரு டார்ச்.
அது அணைந்தால் மெழுகுதிரி,
தீப்பெட்டி நனைந்தால் லைட்டர்.
என் பயம் தனியாகப் பிறந்ததே இல்லை.
காலையில் அவிக்க மரச்சீனி இரண்டு கிலோ,
அம்மியில் சதைத்த காந்தாரி மிளகு,
வலது முட்டிக்கு ஒரு பட்டை,
இடது முட்டி கோபித்துக்கொள்ளக் கூடாதென்று
அதற்கும் ஒன்று.

வழிகாட்டி மாதேவன் காணிக்கு போன் போட்டேன்.
நான் கேட்க நினைத்தது தண்ணீர் கிடைக்குமா என்று.
கேட்டது,
"அந்த பங்களாவுல என்ன இருக்கு?"

"ஒரு தொட்டி கெடக்கு, குளிக்கது.
முழுக்க இரும்பு. ஏழு பேரு புடிச்சும் அசையல்ல.
இப்ப தவளைக்கு.
பொறவு ஒரு அடுப்பு.
மிச்சம் எல்லாம் வேரு."

போனை வைத்தபின் கொஞ்ச நேரம்
சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்.
அந்த வீட்டிலும் ஒரு கடைசி ராத்திரி இருந்திருக்கும்.
ஒருத்தி இப்படித்தான் தரையில் பரப்பியிருப்பாள்
எத்தனை பெட்டி, எத்தனை சுமைகாரர்,
எதைத் தூக்க முடியும், எதை முடியாது.
கடிதக்கட்டு போயிருக்கும். தேக்கரண்டிகள் போயிருக்கும்.
கனத்தது நின்றது.
அதைத்தான் நாளை நாங்கள்
அனுமதித் தாளோடு
மூன்று மணி நேரம் ஏறிப் போய்ப் பார்க்கப்போகிறோம்.

இரண்டாவது டார்ச்சை எடுத்து வெளியே வைத்தேன்.
மெழுகுதிரியை, லைட்டரை.
மரச்சீனியில் பாதியை.
இடது முட்டியிடம் மன்னிப்புக் கேட்டு அதன் பட்டையை.
தூக்கிப் பார்த்தால் ஐந்து கிலோ இருக்கலாம்,
ஆறும் இருக்கலாம்.
இந்நேரத்தில் கோயில்பிள்ளை அண்ணனை எழுப்ப முடியாது.

இரண்டு மணிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில்
முதலில் ஒரு கைப்பிடி.
பிறகு மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டினதுபோல்.
நாலு பேரும் முழித்திருக்கிறோம் என்பது
போன் வெளிச்சத்தில் தெரிந்தது.
யாரும் முதலில் வேண்டாம் என்று சொல்லத் தயாரில்லை.
சுனிஜா: குடை எடுக்கவா?
பீர்: காட்டுக்குள்ள குடையா பிள்ளே?
மாதேவன் காணியிடமிருந்து குரல் செய்தி,
பாதி மழை, பாதி அவர்:
"சப்பாத்து முங்கினா திரும்பிரணும், கேட்டியளா."
நான்: போறமா?
ரெஜினால்டு வெகுநேரம் எதையோ எழுதி எழுதி அழித்தான்.
கடைசியில் வந்தது ஒரே சொல்:
பார்ப்போம்.

நாலரை.
குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டது.
ஒரு காலில் ஷூ, கயிறு கட்டி.
மற்றது கையில்.
ஜன்னல் கம்பியில் தொங்கும் குடையைப் பார்க்காதமாதிரி
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இருநூற்றைம்பது கிராம்தான் இருக்கும்,
கூடிப்போனால் முந்நூறு.