முழுப்பேர்

ஹட்டன் மெயின் வீதி, பாமசிக்கு மேலே மூன்றாம் மாடி.
தகரக் கூரை.
மழை பிடித்தால் வகுப்பு நின்றுவிடும்.
டிலக்ஷன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போவான்.
நிரோஜினி சொன்ன வரியையே சொல்லிக்கொண்டிருப்பாள்.
பயிற்றுநர் என்று என் கழுத்து அட்டையில் இருக்கிறது,
மழைக்கு என்ன செய்வதென்று
அதில் இல்லை.

முதல் வாரம் பஸ்.
மிச்சக்காசு கேட்டு வாங்கப் பழக்கியது நான்தான்.
இரண்டு ரூபாய்க்காக
கண்டக்டர் முன்னால் கையை நீட்டியபடி
இறங்காமல் நின்றான்.
பின்னால் மூன்று பஸ் ஹோர்ன் அடித்தது.
ஹோர்ன் என்றால் அவனுக்கு உயிர் போகும்.
போகட்டும் என்று நின்றான்.

ஐந்தாம் வாரம் நேர்முகப் பரீட்சை ஒத்திகை.
நான் முதலாளி, கழுத்தில் தம்பியின் டை.
“உங்கள் பலவீனம் என்ன?”
“மல்லியப்பு சந்தி.”
“பலம்?”
சுவரை வெகுநேரம் பார்த்தான்.
“எத்தனை கிலோ என்று கேட்கிறீங்களா மிஸ்?”

படிவத்தில் ஒரு கட்டம்:
கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, ஆம், இல்லை.
துரைமார் கண்ணைப் பார்த்துப் பேச
எனக்கு முப்பது வயசாயிற்று.
கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.

ஒன்பதாம் வாரம்
டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைப் பொதியிடும் ஆலை.
வாசலில் வரவுப் புத்தகம்.
யாரோ முன்கூட்டியே எழுதியிருந்தார்கள், வே. டிலக்ஷன்.
அதை வெட்டிவிட்டு
வேலாயுதம் டிலக்ஷன் என்று எழுதினான்.
எழுத்து கையொப்பக் கட்டத்துக்குள் போய்
அடுத்தவர் நேரத்தின் மேலும் ஏறியது.

நூறு கிராம் பக்கெட். சின்னத் தராசு.
தொண்ணூற்றெட்டு காட்டியது.
“அது போகும் தம்பி,” என்றார் சுப்பர்வைசர்.
“போகாது.”
பகலுக்குள் நாற்பத்தொரு பக்கெட்
போகாமல் வரிசையாய் நின்றன.
எனக்குக் கோல் வந்தது. “வந்து கூட்டிட்டுப் போங்க.”

நான் அவன் அம்மாவுக்குச் சொன்னேன்.
பூங்காவனம் மலையிலிருந்து நேரே வந்தாள்,
இடுப்பில் ரெட்டு, காலில் அட்டை கடித்த ரத்தம்.
அன்று இருபது கிலோ எடுத்திருந்தாள்.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று,
மடுவத்தில் பதினேழு என்று எழுதினார்கள்.
பதினெட்டு வந்தால் பேர்.
வராவிட்டால் அரைப்பேர்.

நாற்பத்தொன்றையும் பார்த்தாள்.
ஒன்றைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.
“இவன எங்க மடுவத்துக்கு
அனுப்ப ஏலாதா மிஸ்?”

சுப்பர்வைசர் சிரிக்கவில்லை.
தானும் ஒரு பக்கெட்டைத் தராசில் வைத்தார்.
எடுத்தார். திரும்ப வைத்தார்.
மெனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று
உள்ளே போனவர் வரக் காணோம்.

அப்போதுதான் மழை.
ஆலைக் கூரை எங்கள் கூரையைவிடப் பெரியது.
சத்தமும் அப்படித்தான்.
டிலக்ஷன் மேசைக்குக் கீழே போனான்,
தராசையும் கையோடு எடுத்துக்கொண்டு.

கொஞ்சம் பொறுத்து
மேசை விளிம்பில் ஒரு கை மட்டும் மேலே வந்தது,
அடுத்த பக்கெட்டுக்காக
விரல்களை விரித்து.

அவன் அம்மா எடுத்துக் கொடுத்தாள்.