பதினேழு சிரிஞ்சு

மறுபடி சிவந்துவிட்டதாம்.
எர்ணாவூரில் ஆறரைக்கு எடுத்த மூன்று குழாய்
ராயபுரம் லேபில் சுற்றி முடிக்கையில்
வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய சீரம்
ரோஸ்மில்க் போல நிற்கிறது.
"அணு உடைஞ்சிருச்சு, திரும்பக் குத்தி எடுத்துட்டு வா"
என்கிறார் ஜெயசிங் சார், குழாயைப் பார்த்தபடி.
இரண்டாம் முறை கையை நீட்டுகிறவர்களின் முகத்தை
அவர் பார்த்ததில்லை.
சூசையம்மாள் முழங்கையில் நரம்பே மிச்சமில்லை.

யார் உடைத்தது என்று எனக்குத் தெரியும்.
கன்டெய்னர் வரிசைக்கும் கடற்கரைக் கல்லுக்கும் நடுவே
எனக்கென மிஞ்சுவது இரண்டடித் தார்.
அதில் பாதி தார் இல்லை.

தாவூது பாய் ஹேண்டிலை அமுக்கி விட்டார்.
இறங்கி, ஏறி, இன்னொருமுறை இறங்கி, யோசித்து ஏறியது.
"ஃபோர்க்குல ஆயிலு தண்ணியாய்க்கீதுமா.
ஸ்பிரிங்கு ஆடுது, நிறுத்த ஆளில்ல."
பின் ஷாக்கில் விரல் வைத்துப் பல்லை எண்ணினார். நாலு.
"இத யாரு வச்சது?"
பழைய ஓனர்.
மீன்கூடையோடு மச்சானையும் ஏற்றிப் போனவர்.
நான் நாற்பத்தாறு கிலோ. ஐஸ் பெட்டி ஆறு.
வண்டியை வரைந்தவனின் காகிதத்தில்
நான் உட்காரவே இல்லை.

அவர் கடையில் ஏழு வண்டி காத்திருந்தது.
ஸ்பேனரை மட்டும் இரவல் கொடுத்தார், வாய்க்கணக்கும் கூட:
பத்து ஊற்றினால் பிரேக்குக்கு மூக்கைத் தரையில் வைக்கும்.
இருபது ஊற்றினால் பொடிக்கல்லும் தோளுக்கு ஏறும்.
பதினைந்து கேட்டேன், தண்டையார்பேட்டைக் கடையில்.
"எல்லாம் இஞ்சின் ஆயிலேதான் ஊத்துறாங்க"
என்று பெரிய டப்பாவை நகர்த்தினான் பையன்.
நகராமல் நின்றேன்.
பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, ஒரே கம்பெனி,
பாதிக்குப் பாதி.

ஞாயிறு, சந்தில், செங்கல் மேல் வண்டி.
கீழ் போல்ட் கழன்றதும் சாம்பலாய் ஒழுகியது.
காசிமேட்டில் வளர்ந்த என் மூக்கே
சுளித்துக்கொண்ட மீன் நாற்றம்.
ஒரு காலுக்கு நூற்றெழுபது மில்லி.
என்னிடம் இருப்பது ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்சு.
ஆகவே பதினேழு.
பன்னிரண்டில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது,
தெருவே குடத்தோடு ஓடியது, நானும்.
திரும்பி வந்தால்
பன்னிரண்டா, பதிமூன்றா?

அதற்கும் சொல்லியிருந்தார்:
"எண்ணிக்கைய நம்பாத, மட்டத்த நம்பு."
ஸ்பிரிங் வெளியே, கால் முழுக்க அமுங்கி,
காற்றுக் குமிழி அடங்கும்வரை மெதுவாக ஏற்றி இறக்கி,
வாயிலிருந்து ஸ்கேலை விட்டேன்.
பதினாலரை சென்டி கீழே எண்ணெய் மினுங்கியது.
மறு காலிலும் பதினாலரை,
கண்ணை இடுக்கினால் ஒரு நூல் குறைவு.

நாத்தனார் ஃபிலோமினா தையல் டேப்போடு குந்தினாள்.
உட்காரு. எழுந்திரு. பெட்டியோடு உட்காரு.
நாலாம் பல்லில் எட்டு மில்லி இறங்கியது.
இரண்டாம் பல்லில் இருபத்தாறு.
"கல்யாண பிளவுசுக்குக்கூட உன்ன இத்தினி தபா எழுப்பலடி."

மீந்த எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி
பழக்க தோஷத்தில் லேப் ஸ்டிக்கர் ஒட்டினேன்.
பெயர்: பதினைந்து மாதிரி.
எடுத்த நேரம்: மதியம் மூன்று.
வெறும் வயிற்றில்: ஆம்.

திங்கள் காலை சூசையம்மாள்
கையை மடக்கிக்கொண்டே கேட்டாள்:
"மறுக்கா வருவியா?"
நான் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தேன்.

முதல் குழி வந்தது.
வண்டி இறங்கியது. ஏறியது.
இரண்டாவது முறை என்று ஒன்று இல்லை.
லாரிக்காரன் ஒருவன் எதற்கோ என்னைத் திட்டினான்,
டோல்கேட் வரை அது காதில் விழுந்துகொண்டே வந்தது.
முன்பெல்லாம் பெட்டியின் சத்தம்தான் கேட்கும்.

ஜெயசிங் சார் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று குழாயையும் வெளிச்சத்தில் தூக்கினார்,
ஸ்டாண்டில் குத்தினார், அடுத்த பையைப் பிரித்தார்.

வெளியே வந்து பார்த்தால் இடது காலில்
மோதிரம் போல ஓர் எண்ணெய் வளையம்.
சீல் போயிருக்கிறது.
சம்பளம் ஏழாம் தேதி.
அதுவரை தினமும் துடைக்க வேண்டும்,
குத்திய இடத்தைத் துடைப்பதுபோல,
அழுத்தாமல்.