சனிக்கிழமையின் பங்காளி

பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டெழுத்து.
லயனல் பெர்ல்முட்டர் கொள்விலையை எழுதும் விதம் அது.
வலமிருந்து எழுதவேண்டியதை இடமிருந்து எழுதுவார்.
விக்டோரியா அவென்யூக் கிழவிகளில் அரைவாசிப் பேருக்கு
அந்த எழுத்துத் தெரியும், பேரம் பேசுவார்கள்.
எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.
இன்வாய்ஸோடு வைத்துப் பார்த்து
ஆறாம் மாதமே பிடித்துவிட்டேன்.
சொல்லவில்லை.
சொன்னால் சம்பளமா கூடும்?

மகள் தீர்சா வந்த அன்று
முதல் பெட்டியிலேயே சத்தமாக வாசித்தாள்:
"லாமெத், ஹெத். முப்பத்தெட்டு.
அப்பா, முப்பத்தெட்டுக்கு வாங்கி
நூற்றிருபதுக்கா விற்கிறீர்கள்?"
கடையில் மூன்று பேர்
ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார்கள்.
பன்னிரண்டு வருடம் யூதப் பள்ளிக்கூடத்துக்குக்
கட்டிய காசு இப்படித் திரும்பி வருகிறது என்று
மனிதர் பூட்டும்வரை புலம்பினார்.

அவள் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.
தகப்பனின் முழங்கால் அறுவைக்காக இரண்டு வாரம், அவ்வளவுதான்.
மனிதருக்கு முழங்கால் இரண்டு என்பதை
யாரும் யோசிக்கவில்லை.
இரண்டாவது அறுவை முடிந்தபோது
வண்டுகள் போன தவணையோடு போயிருந்தன.
அவள் குனிந்து, யாரோ ஒருவரின் பெருவிரல்
தோலுக்குள் எங்கே முடிகிறது என்று
கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நன்றாகத்தான் பார்த்தாள்.

டிசம்பர் வெள்ளியில்
நாலு மணிக்கு முன்பே விளக்கேற்றவேண்டும்.
மூன்றுக்கெல்லாம் கோட்டை மாட்டிவிடுவாள்.
"சனிக்கிழமைதான் இந்தக் கடைக்கு வாடகை கட்டுகிறது,
உன் வாத்தியார்களுக்கும் அதுதான் கட்டியது" என்பார் லயனல்.
"அவர்கள் சொன்னதை
நான் கேட்டுக்கொண்டல்லவா இருந்தேன்" என்பாள் அவள்.
ஸ்டோர் அறையில் நான்
பதினோராம் நம்பர்களை அடுக்குவதுபோல் அடுக்குவேன்.

கடையை எடுக்கிறேன் என்றாள். சனிக்கிழமையை அல்ல.
பள்ளிக்கூடத்தில் தல்மூத் படிப்பித்தவரிடம் போய்
ஒரு தாளோடு வந்தாள்.
"சுகிர்தா, பங்குக்கு வா.
சனி முழுக்க உன்னுடையது, லாபமோ நட்டமோ.
ஞாயிறு என்னுடையது. மற்ற நாள்கள் பாதிப் பாதி.
தொடங்கும்போதே எழுதவேண்டும்,
பிறகு எழுதினால் செல்லாது."
சீட்டு எடுத்த ஒன்பதாயிரம் டொலர்
என்னிடம் இருந்தது. மிச்சத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சொன்னேன்.

வீட்டில் குகதாசன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஊரெல்லாம் சனி தானாக வந்து பிடிக்கும்.
நீ ஒருத்திதான்
கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய்."
கொடுத்தால் அவரைப்போல் கொடுப்பவர் இல்லை என்றேன்.
கோயிலில் எள்ளெண்ணெய் விளக்கும் ஏற்றினேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று.

என் முதல் சனிக்கிழமை
மொன்ரியல் நாற்பது சென்டிமீட்டர் பனிக்குள் போனது.
பஸ் இல்லை. நடந்து வந்து திறந்தேன்.
பகல் இரண்டு மணிக்கு
உப்புப் போடும் வண்டியின் சாரதி வந்து
ஒரு சோடி நாடா வாங்கினான். நாலு டொலர்.
ஞாயிறு விடிய வானம் கழுவித் துடைத்திருந்தது.
நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில்
பூட்ஸ் தேவைப்பட்டது.
மூன்று மணிக்குள் ஏழாம் நம்பர் முடிந்தது,
பிறகு எட்டு, பிறகு பிள்ளைகளுக்கானவை எல்லாம்.

திங்கள் காலை, கணக்குப் புத்தகம்.
"நல்லவேளை, நாடாவாவது போனது.
எங்கள் எழுத்தில் பூச்சியம் கிடையாது."
எங்கள் பழைய இலக்கத்திலும் இல்லை என்றேன்.
பூச்சி படித்தவளுக்குப் பூச்சியம் இல்லை என்று
எனக்குள் சிரிப்பு வந்தது,
அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?
அவள் தாலெத் எழுதினாள்.
பக்கத்தில் நான் ௪ போட்டேன்.
ஞாயிற்றுக்கிழமையின் வரிசையை
அவள் முழங்கை மறைத்துக்கொண்டிருந்தது.
"எடுங்கள் கையை" என்றேன்,
"எனக்கும் வாசிக்கத் தெரியும்,
இரண்டு பக்கமிருந்தும்."