ஒரு பவுன், கொஞ்சம் கூட

புரட்டாசி நாலாம் தேதி.
காரைக்குடி, செக்காலை ரோட்டில் எங்கள் நகைக்கடன் கிளை.
ஏசி ஓடவில்லை.
அடைக்கலம் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்
கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.
தோடு என்று நினைத்தேன்.
வைகாசியில் வைத்த சங்கிலிக்கே இன்னும் வட்டி வரவில்லை.

திறந்தால் மூன்று இரும்பு இலைகள்.
வேப்பிலை அகலம், இருபுறமும் கூர்,
லாரிப் பட்டையை அறுத்துத் தீட்டியவை.
"எடை மட்டும் சொல்லுங்க மேடம்.
பலசரக்குத் தராசு இதையெல்லாம் மதிக்காது."

எங்கள் தராசு மூச்சு விட்டாலே எண் மாற்றும்.
ஃபேனை நிறுத்தினேன்.
ஆறு புள்ளி நான்கு எட்டு.
எட்டு புள்ளி ஒன்று.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது ஆறு.
நடுவில் உள்ளதைப் பார்த்து வாய் தவறிச் சொன்னேன்:
"ஒரு பவுன், கொஞ்சம் கூட."

அவர் சிரிக்கவில்லை.
அவருடைய மூன்று பவுன்
எனக்குப் பின்னால் இரும்பறையில் கிடக்கிறது.
அந்தப் பணம் கடலை விதையானது.
விதை கொடியானது.
பிஞ்சு பிடித்த வாரத்திலேயே கொடி
பன்றி மூக்கில் போனது.

"பன்றியைத் தொட்டால் கேஸ்" என்றேன்.
"தொடுறேன்னு சொன்னேனா? எடை கேட்டேன்."

பிறகு அவராகவே சொன்னார்.
மூங்கில் வில். கல்லைத் தொங்கவிட்டு அளந்தது,
முழுக்க இழுத்தால் இருபது கிலோ.
லேசான முனை நேராகப் போகும்,
தோள்பட்டையில் முட்டி நின்றுவிடும்.
"மேல சேறு காய்ஞ்சு ஓடு மாதிரி இருக்கும் மேடம்.
காயத்தோட ஓடிப்போயி மூணு நாள் கெடந்து சாகும்.
அது பாவம்."
கனத்தது எலும்பைத் தாண்டும்.
ஆனால் தண்டு தாங்காது.
விடும்போதே சாரைப்பாம்பாய் வளையும்,
வால் ஒரு பக்கம் அடித்துக்கொள்ளும்,
இருபது தப்படி தாண்டினால் தலை கவிழும்.
"அப்ப தண்டைத் தடியாக்கணும்.
தண்டைத் தடியாக்கினா வில்லை மாத்தணும்.
வில்லை மாத்தினா..."
வலது தோளைத் தொட்டுக் காட்டி நிறுத்தினார்.
ஐம்பத்து நாலு வயசுத் தோள்.

உமி அடைத்த சாக்கில்
ஒரு மாதமாக எய்து பார்க்கிறாராம்.
சாக்கு எதையும் சொல்வதில்லையாம்,
எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது.

பதினோரு வருடமாக நிறுக்கிறேன்.
கல் கழித்து, அரக்கு கழித்து, அழுக்கும் கழித்து
மிச்சத்துக்கு விலை சொல்கிறேன்.
பொன் கூடினால் பணம் கூடும், அவ்வளவுதான் கணக்கு.
கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும் என்று
எதையும் யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை.

சட்டைப் பையிலிருந்து செம்புக் கம்பி எடுத்தார்,
எரிந்துபோன மோட்டாரில் உருவியது.
நடு இலையின் கழுத்தில் நெருக்கமாய்ச் சுற்றினார்.
ஒன்பது புள்ளி நாலு.
ஒரு சுற்றைப் பிரித்தார்.
ஒன்பது புள்ளி ஒன்று.
இன்னும் அரைச் சுற்று.
வரிசையில் ஆறு பேர் டோக்கனோடு இருமினார்கள்.
மேனேஜர் வள்ளியப்பன் எட்டிப் பார்த்து,
"எத்தனை காரட்?" என்றார்.

ஒன்பது சரியாக நின்றபோது
இருவருமே மூச்சை அடக்கியிருந்தோம்.
நகம் நீளத்துக்குக் கம்பி தட்டில் மிஞ்சியது.
பழக்கதோஷம்,
அதையும் தூரிகையால் கூட்டி
காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.
கையெழுத்துப் போடும் இடம் எது என்று கேட்டார்.
இதற்குக் கையெழுத்து இல்லை என்றேன்.

விஜயதசமி. மகர்நோன்புப் பொட்டல்.
குதிரைமேல் சாமி.
குருக்கள் நாணை இழுத்து
நாலு திசைக்கும் அம்பு விட்டார்.
பிள்ளைகள் புழுதியில் விழுந்து பொறுக்கினார்கள்.
கூட்டமெல்லாம் கும்பிட்ட நேரம்
பக்கத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள்.
அடைக்கலம்.
"முனையில எடையே இல்ல.
வால் ஆடுச்சு, பாத்தீங்களா?"
பார்த்திருந்தேன்.
எனக்கும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

அவர் கட்டைவிரலில் புதுத் துணிக்கட்டு.
கேட்கவில்லை.
வட்டியையும் கேட்கவில்லை,
அன்று லீவு.