இருப்பெடுப்பு

டிசம்பர் மூன்றாம் வாரம்.
உட்லண்ட்ஸில் மழை. பள்ளியில் பிள்ளைகள் இல்லை.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துவிட்டுப்
போயிருக்கிறார்கள்.
நானும் ஹைருலும்
ஒரு ஸ்கேனர், ஒரு பட்டியல்,
பாதி தீர்ந்த ஒட்டுச்சீட்டுச் சுருள்.

பட்டியலில் மடிக்கணினி நூற்றறுபது.
தள்ளுவண்டிகளில் நூற்றைம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினால் நூற்றைம்பத்தெட்டு.
"மூணாவது தடவ வேணாம் லா,
எண்ண எண்ணக் குறையுது."

தமிழ் வகுப்புக்கென்று பத்து.
போன ஜனவரியில் விசைகளின்மேல்
ஒவ்வோர் எழுத்தாக நான்தான் ஒட்டினேன்.
ஏழு கணினிகளில் ழ மட்டும் இல்லை.
அவ்வளவு அழுத்திய விரல் எது,
அல்லது பாடம் சலித்து
ஓரத்திலிருந்து உரித்த நகம் எது,
எழுத இடமில்லை.
கட்டங்கள் நான்கே:
உண்டு, பழுது, காணோம், கழிவு.

மென்பொருளை எண்ணுவது வேறு வேலை.
தூக்கிப் பார்க்க முடியாது,
திருப்பிப் போட்டு எண் தேட முடியாது.
கணக்குச் செயலிக்கு வாங்கிய உரிமம் நாற்பது.
உள்ளே இருப்பவர்கள் நாற்பத்திரண்டு.
மதியம் முழுக்கத் தேடி இருவரைப் பிடித்தேன்.
ஒருவர் திருமதி சியூ, பணி ஓய்வு பெற்றவர்.
இன்னொன்று யஷ்வினி, தொடக்கநிலை நான்கு.
அவள் இப்போது உயர்நிலை இரண்டில் இருப்பாள்.
ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில்
அவளுடைய வாத்து
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது,
சரியான விடைக்கு விழும் ரொட்டித்துண்டுக்கு
வாயைத் திறந்தபடி.
"பயனரை நீக்கலாமா?" என்றது திரை.
வாத்தைப் பற்றி அது கேட்கவில்லை.
ஆம் என்று அழுத்தினேன்.

தொலைந்த இரண்டில் ஒன்று
நடனக் குழுவின் உடைப்பெட்டியில் கிடைத்தது,
சலங்கைகளுக்கு அடியில்.
மற்றது காணோம்தான்.
எழுதியதும்
நானே எங்கோ வைத்துவிட்டதுபோல் இருந்தது.

கடைசியாக மாடிப்படிக்கு அடியில் பண்டக அறை.
அங்கே, சுருட்டிய பதாகைகளுக்குப் பின்னால்,
கண்ணாடித்தாள் வைத்துக் காட்டும் பழைய புரொஜெக்டர்,
கழுத்தை நீட்டிக்கொண்டு, கொக்குபோல.
எண் இல்லை. பட்டியலில் இல்லை.
தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன்.
முடியாதாம்.
இல்லாததைக் கழிக்க விதி இல்லை,
கழிக்க வேண்டுமானால் முதலில் சேர்க்க வேண்டும்.
அலுவலகத்து மிஸ் ஓங்
தொலைபேசியில் இதை மிகப் பொறுமையாகச் சொன்னார்.

ஆகவே நாலு மணி பத்து நிமிடத்துக்கு
அதற்கு ஓர் எண் பிறந்தது.
வாங்கிய ஆண்டு: தெரியாது.
விலை: ஒரு வெள்ளி.
(வெற்றாக விட்டால் கணினி ஏற்காது.)
நிலை: சோதித்த பிறகே எழுதலாம்.
ஹைருல் ஒயரின் தூசியை ஊதி
செருகித் தட்டினார்.

எரிந்தது.

படிகளின் அடிவயிற்றில் ஒரு சதுர வெளிச்சம்.
எடுக்க மறந்த தாளில்
நீல மையில் யாருடைய கையெழுத்தோ,
பெரிதாக, கொஞ்சம் சாய்ந்து:
நாளை வண்ணப் பென்சில் கொண்டுவரவும்.

எந்த நாளை என்று இல்லை.

வேலை செய்வதைக் கழிவில் போடவும்
விதி இல்லை.
ஹைருல் சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தேன்.
சுருளிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து
கொக்கின் கழுத்தில் ஒட்டினேன்.
அங்கே ஒன்று குறைவு, இங்கே ஒன்று கூடுதல்,
மொத்தம் சரியாக வந்துவிட்டது,
வரக்கூடாத வழியில்.

இனி ஒவ்வொரு டிசம்பரும்
இதை யாராவது எண்ணியாக வேண்டும்.
என் ஒப்பந்தம் முப்பத்தொன்றோடு முடிகிறது,
புதுப்பிப்பது பற்றி
இன்னும் மின்னஞ்சல் வரவில்லை.

விளக்கை அணைத்தேன்.
உள்ளிருந்த விசிறி மட்டும்
சூடு ஆறும்வரை
தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.